கொக்கிக்கு நான் போட்ட மதிப்பெண்

ஜூன் 9, திங்கள்

காலையில் போய் உட்கார்ந்ததுமே முதலாளி ஜெயபிரகாஷ் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியில் புதிதாகப் பணம் போட்டிருப்பவர்களுக்கு நம்முடைய பழைய கருவிகள் மேல் நம்பிக்கை இல்லையாம். முதலில் கொக்கியில் கை வைத்திருக்கிறார்கள். கொக்கியே தொடரலாமா, வெளியில் விற்கிற ஒரு கருவியை வாங்கி அந்த இடத்தில் வைக்கலாமா என்று சோதித்துப் பார்த்து நான் அறிக்கை கொடுக்க வேண்டும்.

கொக்கி என்பது லாரி ஆபீஸ்கள் எங்கள் கம்பெனியோடு பேசுகிற வழி. கரூரிலும் ஈரோட்டிலும் லாரி ஆபீஸ்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்கள் தங்கள் புரோகிராமை அதில் மாட்டிவிட்டால் லோடு புக் பண்ணலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அதை உருவாக்கியவள் பூங்கோதை. அவளும் அவளுக்குக் கீழே மூன்று பேரும்தான் இன்றுவரை அதைக் கட்டி மேய்க்கிறார்கள். பூங்கோதை என் மனைவி.

"சார், அது எங்க வீட்ல பண்ணினதுங்க. நான் மதிப்பெண் போட்டா நல்லா இருக்குமுங்களா?" என்றேன்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன், லோகநாதன். நீங்க எந்தப் பக்கமும் சாயமாட்டீங்கன்னு கம்பெனிக்கே தெரியும். வேற யாரு எழுதினாலும் ஆளுக்கொரு பேச்சு வரும்."

சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நான் இந்தக் கம்பெனியில் எதையும் உருவாக்கியதில்லை. மற்றவர்கள் உருவாக்கியதைச் சோதித்துச் சொல்கிறவன். அந்த வேலைக்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதை ஒருவர் வாய் திறந்து சொன்னது இன்றுதான்.

வீட்டில் சொன்னேன். பூங்கோதை இட்லி மாவுக்கு உப்புப் போட்டுக் கலந்துகொண்டிருந்தாள். "நீங்களா பாக்கறீங்க? அப்பாடா" என்றாள். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அது போதும்." நிஜமாகவே அவளுக்கு நிம்மதி. கொக்கி போனால் அவள் வேலையும் அந்த மூன்று பேர் வேலையும் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

விதிகள் எழுதினேன். இரண்டு கருவிக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். சோதிக்கிறவர் கையேட்டைத் தவிர யாரையும் எதையும் கேட்கக் கூடாது. சோதனை தொடங்கிய பிறகு எந்தப் பக்கமும் எதையும் மாற்றக் கூடாது. விற்பனைக்காரர் இனிப்புப் பெட்டி அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. தொட்டி, டிரம், குடம் எல்லாம் நிரப்பி முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. இரவுச் சாப்பாட்டின்போது வழக்கம்போல அவளுக்குப் போன். கரூர் சம்சுதீன். லாரி ஆபீஸ்களுக்கு எழுதிக் கொடுக்கும் புரோகிராமர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

"கருவி நல்லா இருந்தா எதுக்கு இத்தனை போன் வருது?" என்றேன். கேட்க வேண்டிய கேள்விதான்.

"பாதிப் போன் சந்தேகத்துக்கு இல்லீங்க. அவரு பொண்ணுக்குப் பிளஸ் டூ மறுகூட்டல்ல எத்தனை மார்க் ஏறுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டாரு."

அது அலுவலக நேரத்தில் சொல்ல வேண்டிய சமாசாரமும் இல்லை, சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பொள்ளாச்சியில் என் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். என் சொந்தம், அவள் சொந்தம் இல்லை. பந்திக்கு நிற்கும்போது யாரோ ஒரு லாரி ஆபீஸ்காரர் பூங்கோதையைப் பார்த்துவிட்டார். "கொக்கி அம்மணி நீங்கதானுங்களா? உங்க குரலை வெச்சே கண்டுபுடிச்சேன்" என்று கும்பிட்டு, கையோடு கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். நான் கூடவே போனேன். இடம் ஒன்றுதான் இருந்தது. "வீட்டுக்காரருங்களா? அடுத்த பந்தியில பாத்துக்கலாமுங்க" என்றார்.

அடுத்த பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை ஆகாது, அதனால் நஷ்டமில்லை. வரும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றுமில்லை. தலைவலி.

ஜூன் 18, புதன்

யாரை வைத்துச் சோதிப்பது என்பதுதான் பிரச்சினை. கோயம்புத்தூர் ஆபீஸில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். ஈரோட்டு, கரூர்ப் புரோகிராமர்களோ அவளுக்குத் தம்பிகள் மாதிரி. இவர்களை வைத்துச் சோதித்தால் மனைவிக்கு ஆள் பிடித்தான் என்று ஊரே பேசும். புனே கிளையில் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. முதலாளி உடனே சரி என்றார்.

மத்தியானம் காப்பி குடிக்கும்போது இதில் இன்னொரு விஷயம் இருக்கிறதே என்று பட்டது. கொக்கியின் கையேடு என்ன மொழியில் இருக்கிறது என்பது. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான். காப்பி ஆறிப்போயிருந்தது.

ஜூன் 23, திங்கள்

சோதனை தொடங்கியது. வீடியோவில் கேதகி என்ற பெண்ணும் இன்னொரு பையனும். கெட்டிக்காரர்கள். வெளிக் கருவியை முதலில் கொடுத்தேன். கேதகி டீ குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டாள்.

பிறகு கொக்கி. கையேட்டைத் திறந்தவள் பக்கங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்புறம், இது என்ன எழுத்து என்று கேட்டாள். தமிழ் என்றேன். அந்தப் பையன் சிரித்தான். பூங்கோதை முதலில் இங்கிலீஷில்தான் எழுதினாள். லாரி ஆபீஸ்காரர்கள் யாரும் படிக்காமல் போன் பண்ணியே கேட்டதால், அவர்கள் பேசுகிற தமிழிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். தவறு நடந்தால் கொக்கி சொல்கிற பதிலும் தமிழ்தான்.

மொழிபெயர்க்கும் புரோகிராமில் போட்டுப் படித்துக்கொள்ளச் சொன்னேன். அது பாதியைப் பிடித்தது, பாதியைக் குழப்பியது. கேதகி என்னிடம் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டாள். யாரையும் கேட்கக் கூடாது என்ற விதியை எடுத்துச் சொல்லி, அவள் கேட்டதை அறிக்கையிலும் குறித்துக்கொண்டேன். மத்தியானம் முழுக்கப் போராடிவிட்டு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

வெளிக் கருவியில் ஒரு மூலையில் அரட்டைப் பெட்டி இருக்கிறது. அதில் கேட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். கேதகி இரண்டு முறை கேட்டாள். அது கருவிக்குள்ளேயே இருப்பதால் கருவியின் வசதி என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன். போன் கருவிக்கு வெளியே இருப்பது. இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 24, செவ்வாய்

"எப்படிங்க போச்சு?" என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன். சிரித்தாள். எதிர்பார்த்த பதில்தான். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "கையேட்டை அவங்களுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டினாங்களா?" என்றாள். புனேக்காரர்கள் என்பது அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"விதிப்படி கூடாது."

எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். நான் போதும் என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

என் மேசைக்கு வந்து நின்றாள். ஆபீஸில் அவள் அப்படி வருவதில்லை. "ஒரு வாரம் குடுத்தீங்கன்னா நாங்க நாலு பேரும் உக்காந்து கையேட்டை இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்துடறோமுங்க. பழசு கெடக்குது, தூசு தட்டினாப் போதும்."

சோதனை நடக்கும்போது எதையும் மாற்றக் கூடாது என்று இரண்டாவது நாளே எழுதி வைத்ததைக் காட்டினேன். வெளிக் கருவிக்காரர்கள் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன் என்றேன். பக்கத்து மேசையில் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"சரிங்க" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

யாரையும் நம்பாமல் நானே உட்கார்ந்து இரண்டையும் போட்டுப் பார்த்தேன். நெட் விட்டுவிட்டு வரும் ஊர்களில் ஆட்கள் புக்கிங் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவார்கள். அதே மாதிரி ஒரே லோடை இரண்டு முறை அனுப்பினேன். வெளிக் கருவி இரண்டையும் வாங்கிக்கொண்டது. நிஜத்தில் என்றால் ஒரு லோடுக்கு இரண்டு லாரி போய் நிற்கும்.

கொக்கி வாங்கிக்கொள்ளவில்லை. பதில் சொன்னது: "இந்த லோடு இப்பத்தானுங்க புக் ஆச்சு. மறுபடியும் அனுப்ப வேண்டாம். வண்டி கிளம்பினதும் நாங்களே சொல்றோம், பதறாதீங்க."

அவள் குரலே கேட்டது. எத்தனையோ பேரின் பதற்றத்தைப் போனில் கேட்டுக் கேட்டு எழுதிய வரி. இத்தனை வருடம் கருவிகளைப் பார்க்கிறேன், ஒரு கருவி என்னைப் பதறாதே என்று சொன்னதில்லை.

நான் தயாரித்த மதிப்பெண் படிவத்தில் இதற்கு இடமில்லை. சோதனைக்குப் பிறகு புதிதாக ஒரு பிரிவு சேர்த்தால் மனைவிக்காகச் சேர்த்தான் என்பார்கள். கடைசிப் பக்கத்தில் 'பிற குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி எழுதினேன்.

ஜூலை 2, புதன்

வெளிக் கருவிக்காரர்கள் நேற்று வேறு ஏதோ ஒரு பிழையைச் சரிசெய்து புதிய பதிப்பை விட்டிருக்கிறார்கள். சோதனை நடுவில்தான். ஆனால் அது உலகம் முழுக்க விடப்பட்ட பதிப்பு, நமக்காகச் செய்ததில்லை. எனவே அனுமதித்தேன். யோசித்துத்தான் அனுமதித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். கொக்கி தோற்றது. கொஞ்சநஞ்சமாக இல்லை, படுதோல்வி. முதலாளி முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"பிரமாதம். இதை நான் எழுதியிருந்தா மேடம் சண்டைக்கு வந்திருப்பாங்க. நீங்க எழுதியிருக்கறப்ப யாரு வாயைத் தொறக்க முடியும்?"

கடைசிப் பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். "பாக்கறேன், பாக்கறேன்" என்று மேசை இழுப்பறையில் போட்டார்.

வெளியே வந்தால் பூங்கோதை குழு உட்காரும் மூலையில் ஒரு தச்சு ஆசாரி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். வெளிக் கருவிக்காரர்கள் வந்து உட்கார மேசையாம். இவ்வளவு சீக்கிரம் ஆர்டர் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். "எங்கீங்க சீக்கிரம்? மே மாசமே சொன்னாங்க, நான்தான் மரம் கெடைக்காம லேட் பண்ணிட்டேன்" என்றார்.

திரும்பி அறைக்குள் போனேன். "முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"பண்ணினா என்ன, லோகநாதன்? உங்க அறிக்கை வேற மாதிரி வந்திருந்தா யோசிச்சிருப்போம்ல" என்றார். நிஜமாகச் சொன்னாரா, என் வாயை அடைக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குத் தப்பிக்க வழியில்லை. கை கழுவும் இடத்தில் போய் வெகுநேரம் நின்றேன்.

ஜூலை 7, திங்கள்

மொத்த ஆபீஸையும் கூட்டி அறிவித்தார்கள். அறிக்கையை எல்லாருக்கும் முன்பே அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசியோடு கொக்கி நிற்கும். அந்த மூன்று பேருக்கும் அன்றோடு வேலை இல்லை. பூங்கோதை புதியவர்களுக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் முதலாளி. பூங்கோதை எழுந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "சோதிச்சவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "கவனிக்கலை" என்றேன். "தெரிஞ்சவங்க யாரும் வேண்டாம்னுதான் பாத்தேன். மொழியைப் பத்தி யோசிக்கலை."

அது ஒரு வகையில் உண்மைதான். நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரிங்க" என்று உட்கார்ந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

மோர் வாங்கி வந்தேன். அவள் கேட்டது தயிர்.

ஜூலை 11, வெள்ளி

சண்டை போட்டால் தேவலை. போடமாட்டேன் என்கிறாள். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, சட்டை தேய்த்து மாட்டியிருக்கிறது. "குடிக்கச் சுடுதண்ணி வெச்சிருக்கேனுங்க." "கரண்ட் பில்லு கட்டியாச்சுங்க." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை. முன்பெல்லாம் கோபம் வந்தால் என் வேட்டியை மட்டும் துவைக்காமல் மூலையில் போட்டு வைப்பாள். இப்போது அதையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

நாளெல்லாம் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரே லோடு இரண்டு முறை போகிற சங்கதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அரட்டைப் பெட்டியைக் கணக்கிலிருந்து எடுத்தேன். அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு முழுக்கப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இது எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு? இந்த ரெட்டைப் புக்கிங்கு?"

"போன மாசக் கடைசியில."

"அறிக்கை குடுக்கறதுக்கு முன்னாடியே."

"கடைசிப் பக்கத்துல போட்டிருந்தேன், கோதை."

"பாத்தேனுங்க." தாள்களை நேராக அடுக்கிக் கொடுத்தாள். "கொக்கி தோத்ததுக்கு எனக்கு ஆத்தாமை இல்லீங்க. வேற யாரு பாத்திருந்தாலும் அது தோத்துத்தான் போயிருக்கும், அவங்க மேசைக்கே ஆர்டர் குடுத்துட்டாங்க. ஆனா வேற யாராச்சும் பாத்திருந்தா, அந்தப் புள்ளை அர்த்தம் கேட்டப்ப ஒரு வரி சொல்லியிருப்பாங்க. தெரியாத ஒரு ஆளுக்குக்கூட அந்த எரக்கம் வந்திருக்கும். நீங்க எனக்குப் புருசனா இருக்கப்போயி எனக்கு அது கெடைக்கலை."

நான் நடுநிலையாக இருக்க வேண்டியிருந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"நடுவுல நிக்கலீங்க நீங்க. அந்தப் பக்கம் போயி நின்னுட்டீங்க, இந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு." வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். "அது மட்டுந்தானான்னும் எனக்குத் தெரியலை."

அது மட்டும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பொள்ளாச்சிக் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் அந்த நேரத்தில் அது வர வேண்டும் என்று தெரியவில்லை. தெரியும்.

ஜூலை 14, திங்கள்

திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். "கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சேங்க" என்றார் முதலாளி. "வீட்ல பிரச்சினையா? ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு ஊட்டி கீட்டி கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

ஜூலை 25, வெள்ளி

புதிய கருவியை முதலில் கரூர்ப் பக்கம் போட்டார்கள். நினைத்ததுதான் நடந்தது. ஒரே ஜமக்காள லோடுக்கு இரண்டு லாரி போய் நின்று, டிரைவர்கள் கைகலப்பாகி ஒருவருக்கு மண்டை உடைந்து தையல். அரட்டைப் பெட்டியில் கேட்டால் வருத்தம் தெரிவித்து இங்கிலீஷில் நாலு வரி வந்திருக்கிறது. சம்சுதீன் பூங்கோதைக்குப் போன் போட்டார். அவள் பொறுமையாக, பட்டனை ஒரு முறை அழுத்தியதும் அதை மறைத்துவிட என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அவளைத் துரத்திய கருவியின் ஓட்டையை அவளே அடைத்துக் கொடுக்கிறாள்.

அடிபட்டவர் பெயர் மாரிமுத்து என்றார்கள். நான் அந்தப் பிழையைப் பார்த்தவன். பார்த்துவிட்டுப் 'பிற குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டவன். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் தெரியவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். தமிழில் போன் எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம், தினக்கூலி மாதிரி. "உங்க வீட்ல கேட்டுப் பாருங்களேன்." நான் கேட்கவில்லை. இதையாவது செய்யாமல் இருந்தேன்.

ஜூலை 31, வியாழன்

கொக்கியை நிறுத்தினார்கள். அவளே போய் நிறுத்தினாள். நான் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். அந்த மூன்று பேரும் அவளோடு வாசல்வரை நடந்து போனார்கள். ஒருத்தி அழுதாள். ஆபீஸில் பலர் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம் என்று எல்லாம் செய்திருந்தாள். இரண்டு பேர்தான் சாப்பிட. நாளை ஈரோட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் பேசிப் பார்க்கப் போகிறாளாம். அங்கேயே தங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்றாள். போய்வரத் தூரமில்லையே என்றேன். "பாக்கலாமுங்க" என்றாள்.

சாப்பிடும்போது போன் வந்தது. சம்சுதீன்தான். கையெல்லாம் சாதமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பண்டிகை விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, மனசு கேக்கலை. கொக்கி சரியில்லைன்னு எழுதினது யாருங்க்கா? அந்த ஆளு ஒரு நாளாச்சும் அதுல வேலை பாத்திருப்பானா? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார்.

நான் சாதத்தைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லீங்க தம்பி" என்றாள். "யாரோ வெளியாளு. எனக்குப் பழக்கமில்லை."

அப்புறம் அவர் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் பற்றி இருவரும் பேசினார்கள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டேன். நல்ல மனசு அவளுக்கு, எப்போதுமே. போனை வைத்ததும் "தேங்க்ஸ், கோதை" என்று சொல்வதற்காக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பொய் சொன்னதாகத் தெரியவில்லை.